அச்சாபீஸ் யாருடையது?

நம்மிடையே ஒரு பட்டியல் புழங்குகிறது. பள்ளிக்கூடத்துப் பொது அறிவுப் புத்தகத்தில் அது இருக்கிறது. மேடைப் பேச்சாளர் வாயில் இருக்கிறது. உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அதை நெட்டுருப் போடுகிறார்கள். சொந்த ராக்கெட்டில் சொந்தச் செயற்கைக் கோளை ஏற்றி விண்ணில் விட்ட நாடுகளின் வரிசை அது. 1957-ல் சோவியத் ருஷ்யா, 1958-ல் அமெரிக்கா, 1965-ல் பிரான்சு, 1970 பிப்ரவரியில் ஜப்பான், அதே வருஷம் ஏப்ரலில் சீனா, 1971-ல் பிரிட்டன், 1980-ல் இந்தியா. ஆகவே நாம் ஏழாவது! சொல்லி முடித்தவர் நெஞ்சை நிமிர்த்துகிறார். கேட்டவர்கள் கை தட்டுகிறார்கள்.

எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. பட்டியல் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் சரியானதுதான். ஆனால் உண்மைகளையே வரிசையாக அடுக்கி ஒரு தப்பான எண்ணத்தை உண்டாக்கிவிட முடியும். கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தை தெரியாதா? எதைச் சொல்கிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

இந்தப் பட்டியலில் 1975 இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி, பெங்களூர் பீன்யாவில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் நம்மவர்கள் கட்டிய ஆர்யபட்டா விண்ணேறிற்று. யு. ஆர். ராவ் தலைமையில் நடந்த காரியம் அது. 360 கிலோ எடை, 26 முகங்கள். ஏற்றிச் சென்றது ருஷ்ய ராக்கெட்டு. புறப்பட்ட இடம் ருஷ்யாவின் கபூஸ்தின் யார். இந்த ஒரே காரணத்துக்காகப் பட்டியல்காரர்கள் அதைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பழைய இரண்டு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் அதன் படம் இருந்தது. வயதானவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நோட்டும் இப்போது அச்சாவதில்லை. ஒரு நண்பர் என்னிடம் வெகு சாவதானமாகச் சொன்னார்: "அது அவன் தூக்கிவிட்டது சார்! 1980-ல் ரோகிணி போனதே, அதைத்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்."

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நான் நாவல் எழுதிப் பிழைக்கிறவன். எனக்குச் சொந்தமாக அச்சாபீஸ் கிடையாது. எழுத்துக் கோப்பது வேறொருவர், அச்சடிப்பது வேறொருவர், பைண்டு போட்டு மூட்டை கட்டி ரயிலில் ஏற்றுவது இன்னொருவர். அப்படியானால் நான் எழுதிய நாவல் என்னுடையது இல்லையா? யந்திரம் சொந்தமாக இருந்தால்தான் எழுத்தாளன் என்று ஒரு சட்டம் வந்தால், தமிழில் மிஞ்சுகிற எழுத்தாளர்கள் எத்தனை பேர்? சொந்த யந்திரத்தில் வெள்ளைத்தாளை அச்சடித்து அட்டை போட்டு விற்கிறவன் அல்லவா அப்போது மகா எழுத்தாளனாகிவிடுவான்!

வெள்ளைத்தாள் என்று நான் சும்மா சொல்லவில்லை. பட்டியலில் இருக்கும் புத்தகங்களைத் திறந்துதான் பார்ப்போமே!

1965 நவம்பர் 26-ல் பிரான்சு அனுப்பிய கோளுக்கு அஸ்தெரீக்ஸ் என்று பெயர். அது ஒரு சித்திரக் கதை வீரனுடைய பெயர். அல்ஜீரியப் பாலைவனத்தில் உள்ள ஹம்மகீரிலிருந்து போயிற்று. மேலே போகும்போதே அதன் ஆன்டெனா சேதப்பட்டுச் சற்று நேரத்தில் குரல் அடங்கிவிட்டது. ஊமையாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜப்பானியர் நாலு தடவை தோற்று, ஐந்தாம் தடவையாக 1970 பிப்ரவரி 11-ல் ஓசுமியை அனுப்பினார்கள். 24 கிலோ எடை. ஒரு நாள் முடிவதற்குள் அதுவும் மௌனமாயிற்று. சீனர்களின் முதல் கோள் 173 கிலோ எடையோடு போய், கட்சிப் பாட்டு ஒன்றின் மெட்டை வானத்திலிருந்து உலகத்துக்கு ஒலிபரப்பிற்று. பிரிட்டன் கதை இன்னும் விசித்திரம். 1971 ஜூலையில் 'இந்த ராக்கெட்டுத் திட்டமே வேண்டாம்' என்று சர்க்கார் கைகழுவிவிட்டது. மிச்சமிருந்த ஒரு ராக்கெட்டை அக்டோபர் 28-ல் ஆஸ்திரேலியாவின் வூமெராவிலிருந்து விட்டார்கள். அது பிராஸ்பெரோ என்ற கோளை மேலே சேர்த்துவிட்டது. திட்டம் செத்த பிறகு பிறந்த பிள்ளை அது!

இவற்றைச் செய்தவர்களை நான் இகழவில்லை. நாலு தடவை தோற்ற பின்னும் ஐந்தாம் தடவை முயன்ற ஜப்பானியரைக் கையெடுத்துக் கும்பிடலாம். அந்தக் கோள்கள் பெரும்பாலும் ராக்கெட்டைச் சோதிக்கப் போனவை. யந்திரம் ஓடுகிறதா என்று பார்க்கப் போட்ட வெள்ளைத்தாள்கள். அந்த அளவில் அவற்றின் வேலை முடிந்தது. என் சண்டையெல்லாம், யந்திரம் ஓடிய நாளைப் புத்தகம் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறவர்களோடுதான்.

ஆரம்பத்திலிருந்தே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்ததுதான். 1957 அக்டோபர் 4-ல் ஸ்புட்னிக் போயிற்று. மூன்று வாரம் 'பீப் பீப்' என்று கூப்பிட்டது. உலகமே அண்ணாந்து பார்த்தது, நியாயம்தான். அதற்கடுத்த ஜனவரியில் அமெரிக்கா அனுப்பிய எக்ஸ்ப்ளோரர் அதைவிட ரொம்பச் சிறியது. ஆனால் அதனுள் ஜேம்ஸ் வான் ஆலன் என்ற விஞ்ஞானி கதிரியக்கத்தை எண்ணும் கருவி ஒன்றை வைத்திருந்தார். அந்தக் கருவியும், அதன் பின் போன எக்ஸ்ப்ளோரர் மூன்றில் இருந்த கருவியும் சேர்ந்து, பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சு வளையங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தன. அமெரிக்கா இரண்டாவது நாடுதான். ஆனால் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு சேதி சொன்னது அவர்களுடைய கோள். எந்தப் பரீட்சையிலாவது இதைக் கேட்கிறார்களா?

கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அந்த நாட்டின் பெயரே கிடையாது. 1962 செப்டம்பர் 29-ல் அலூவெட் என்ற கோளை அமெரிக்க ராக்கெட்டில் அனுப்பினார்கள். அலூவெட் என்றால் வானம்பாடி. இரண்டு வல்லரசுகளைத் தவிர வேறொரு நாடு தானே கட்டிய முதல் கோள் அதுதான். கனடாவின் வடகோடிப் பனிப் பிரதேசத்தில் ரேடியோத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும். ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தில் நடக்கிற கோளாறு அது. கீழே இருந்து பார்த்தால் அந்த மண்டலத்தின் அடிவயிறுதான் தெரியும். மேலே போய் முதுகைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார்கள், பார்த்தார்கள். ஒரு வருஷம் உழைத்தால் போதும் என்று செய்த கோள் பத்து வருஷம் உழைத்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளை அனுப்பிற்று. 1972-ல் அவர்களாகவே அதை நிறுத்தி ஓய்வு கொடுத்தார்கள். தன் ஜனங்களின் ஒரு கஷ்டத்தை எண்ணி, அதற்கு விடை தேடி, விடையோடு திரும்பிய கோள்! ராக்கெட்டு இரவலாம்; அதனால் கணக்கில் சேராதாம்!

இரவல் வாங்குவதில் ஆபத்தே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அதே 1962-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். ஏப்ரல் 26-ல் ஏரியல் என்ற பிரிட்டிஷ் கோளை அமெரிக்கர் மேலே அனுப்பினார்கள். கலத்தைக் கட்டிக் கொடுத்ததும் அவர்களே. உள்ளே இருந்த கருவிகள் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுடையவை. சூரியனின் எக்ஸ்ரேக் கதிர்களையும் காஸ்மிக் கதிர்களையும் அளந்துகொண்டிருந்தது. இரண்டரை மாதம் ஆகுமுன், ஜூலை 9-ந் தேதி, பசிபிக் சமுத்திரத்தில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கர் ஒரு அணுகுண்டை வெடித்தார்கள். வெகு தூரத்தில் இருந்த ஹவாய்த் தீவில் தெரு விளக்குகள் அணைந்தன. வானத்தில் பரவிய கதிர்வீச்சு, ஏரியலுக்கு மின்சாரம் தந்த சூரியத் தகடுகளை அரித்து அதை ஊனமாக்கிவிட்டது. மறுநாள் மேலே போன டெல்ஸ்டாரும் அந்தக் கதிர்வீச்சுக்குத் தப்பவில்லை. ஏரியலைத் தூக்கிச் சென்றதும், குண்டைத் தூக்கிச் சென்றதும் தோர் என்ற ஒரே ஜாதி ராக்கெட்டு!

இந்தக் கதைக்கு நான் கற்பனையாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. சிநேகிதன் வீட்டுக் குழந்தையைத் தோளில் தூக்கி வேடிக்கை காட்டிவிட்டு, மறுகணம் அதன் கண்ணெதிரே வாணவெடியைக் கொளுத்திப் போட்டதுபோல் இருக்கிறது. ஆனால் இது இரவல் வாங்கியதன் தண்டனை என்று யாராவது சொன்னால் மறுப்பேன். பிரிட்டன் சொந்த ராக்கெட்டில் அனுப்பியிருந்தாலும் அந்தக் கதிர்வீச்சு விட்டிருக்காது. கேடு எதிலே இருந்தது? 'யார் பெரியவன்' என்று காட்டுகிற இடம் வானம் என்ற புத்தியில் இருந்தது. நாடுகளை ஒன்று, இரண்டு என்று நிற்க வைத்து எண்ணுகிற புத்தி முற்றினால் அது இந்த இடத்தில்தான் போய் நிற்கும். 1963 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, விண்வெளியில் அணுகுண்டு சோதிப்பது தடை செய்யப்பட்டது. வானத்தில் யாரும் தனியாக வாழ முடியாது என்பதை மனிதர்கள் ஒப்புக்கொண்ட நாட்களில் அது ஒன்று.

இனி, என் வாதத்துக்கு உயிரான உதாரணத்துக்கு வருகிறேன்.

நட்சத்திரங்களிலிருந்து வரும் எக்ஸ்ரேக் கதிர்களை நம் காற்று மண்டலம் உறிஞ்சிவிடும். அந்த விதத்தில் பூமி கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கிறது. சிறிய ராக்கெட்டுகள் மேலே போய்ச் சில நிமிஷம் பார்த்துவிட்டு விழும். அந்தச் சில நிமிஷத்தில் கிடைத்ததைக் கொண்டே, 1962-ல் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய தோழர்களும் விருச்சிக ராசித் திசையில் ஓர் எக்ஸ்ரே ஊற்றைக் கண்டார்கள். நிமிஷக் கணக்கில் அல்லாமல் வருஷக் கணக்கில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்காகச் செய்யப்பட்ட கோள் 1970 டிசம்பர் 12-ல் போயிற்று. எங்கிருந்து? அமெரிக்காவிலிருந்து அல்ல. கென்யா நாட்டு மாலிந்திக் கரைக்கு அப்பால், கடலில் கால் ஊன்றி நின்ற சான் மார்க்கோ என்ற இரும்பு மேடையிலிருந்து. மேடை இத்தாலியருடையது, ஏவியதும் இத்தாலியர். ராக்கெட்டும் கோளும் அமெரிக்கருடையவை. ஜியாக்கோனி ஜெனோவாவில் பிறந்த இத்தாலியர். வேலை பார்த்தது அமெரிக்காவில். பூமத்திய ரேகையை ஒட்டிச் சுற்றினால் கதிர்வீச்சு வளையத்தின் தொந்தரவு குறையும். அதனால்தான் கென்யாக் கடல். ஏவிய அன்று கென்யா சுதந்தரம் பெற்று ஏழு வருஷம் நிறைந்த நாள். திட்டத்தை நடத்திய மார்ஜரி டவுன்சென்ட் என்ற பெண்மணி அதற்கு உஹுரு என்று பெயர் வைக்கச் செய்தார். ஸ்வாஹிலி மொழியில் உஹுரு என்றால் விடுதலை.

மூன்று வருஷம்கூட அது உழைக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே வீசும் 339 இடங்களை வானத்தில் குறித்துக் கொடுத்தது. அன்னப்பறவை என்று நாம் சொல்லுகிற சிக்னஸ் கூட்டத்தில் ஓர் ஊற்று தாறுமாறாகத் துடிப்பதைக் காட்டிற்று. பிறகு வேறு வானவியலார் அதைத் துருவிப் பார்த்து, அங்கே இருப்பது கருந்துளை என்ற முடிவுக்கு வந்தார்கள். 2002-ல் ஜியாக்கோனிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது பட்டியல்காரரைக் கேட்கிறேன்: ஐயா, இந்த உஹுரு யாருடையது? கோளைக் கட்டியவனுடையதா, மேடை போட்டவனுடையதா, கடலைக் கொடுத்தவனுடையதா, பெயரைக் கொடுத்தவனுடையதா? உங்கள் கட்டத்தில் எந்த இடத்தில் இதை எழுதுவீர்கள்? எழுத முடியாது. மனிதன் அனுப்பிய கோள்களில் மிகச் சிறந்த சிலவற்றுள் ஒன்றுக்கு இடம் கொடுக்கத் தெரியாத பட்டியலைப் பிள்ளைகள் எதற்காக மனப்பாடம் செய்ய வேண்டும்?

நெதர்லாந்தின் கதையும் இப்படித்தான். 1974 ஆகஸ்டில் அந்தச் சின்ன நாடு தன் முதல் கோளை அமெரிக்க ராக்கெட்டில் அனுப்பிற்று. முதல் கோளே ஒரு தொலைநோக்கி! புற ஊதாக் கதிரையும் எக்ஸ்ரேயையும் பார்க்கிற கண்கள் அதில் இருந்தன. ராக்கெட்டு வழி தவறிக் கோளைக் கோணலான பாதையில் விட்டுவிட்டது. அப்படியும் தளராமல் பார்த்தார்கள். சில நட்சத்திர இடங்களில் எக்ஸ்ரே திடீரென்று குபீரென வெடித்து அடங்குவதை முதலில் கண்டது அந்தக் கோள்தான். நல்ல நாவல், அச்சுப் பிழைகளைத் தாண்டியும் வாசகனைப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

எதிர்த் தரப்புக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைப்பது எனக்கு அழகல்ல. அச்சாபீஸ்காரன் நினைத்தால் புத்தகத்தை அமுக்கிவிடலாம். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து சிம்பொனி என்ற செய்தித் தொடர்புக் கோளைச் செய்து, 1974-ல் அமெரிக்காவிடம் ஏற்றக் கொடுத்தன. 'ஏற்றுகிறோம், ஆனால் அதை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது' என்று அமெரிக்கா நிபந்தனை போட்டது. அந்தச் சூட்டில்தான் ஐரோப்பியருக்குச் சொந்த ராக்கெட்டு வேண்டும் என்ற வைராக்கியம் பிறந்தது. நமக்கும் சொந்த ராக்கெட்டு வேண்டியதுதான். அப்துல் கலாம் பொறுப்பேற்று நடத்திய எஸ்.எல்.வி. 1979-ல் கடலில் விழுந்து, 1980 ஜூலை 18-ல் வென்றபோது இந்த நாடு மகிழ்ந்ததில் தவறே இல்லை. யந்திரம் வாங்கியது நல்ல செய்திதான். ஆனால் யந்திரம் வாங்குவது எதற்காக? புத்தகம் போடுவதற்காக அல்லவா?

"சரி, நீங்கள் கொண்டாடுகிற ஆர்யபட்டா என்ன பார்த்தது? நாலைந்து நாளில் அதன் மின்சாரம் கோளாறாகிக் கருவிகளை நிறுத்திவிட்டார்களே!" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆமாம், கருவிகள் நின்றுபோயின. ஆனால் எதற்காக அதை அனுப்பினோம் என்று பாருங்கள். எக்ஸ்ரே வானவியலுக்கு ஒரு கருவி. சூரியனைப் பற்றி அறிய ஒன்று. மேல் மண்டலக் காற்றைப் பற்றி அறிய ஒன்று. பாட்டுப் பாட அல்ல, கொடி காட்ட அல்ல, பார்க்க அனுப்பினோம். உஹுரு ஓய்ந்து இரண்டே வருஷத்தில், அதே எக்ஸ்ரே வானத்தைப் பார்க்க ஓர் ஏழை நாடு தன் முதல் முயற்சியிலேயே கண்ணைத் திறந்தது. கண் மங்கிவிட்டது, துக்கம்தான். ஆனால் பாதியில் தீப்பிடித்த கையெழுத்துப் பிரதியும் வெள்ளைத்தாளும் ஒன்றா? கருவிகள் நின்ற பின்னும் கோளின் உடம்பு 1981 வரை இயங்கிற்று. கோளைக் கட்டுவது எப்படி, தரையிலிருந்து ஆள்வது எப்படி என்று நம்மவர்கள் அதை வைத்தே பழகினார்கள். 1992-ல் அது பூமிக் காற்றில் எரிந்து மறைந்தது. 'அவன் தூக்கிவிட்டது' என்று அதை ஒரு வார்த்தையில் தள்ளுகிறவர்கள், பீன்யாக் கொட்டகையில் உழைத்தவர்களின் பெருமையைத் திருடி ராக்கெட்டுக்குச் சூட்டுகிறார்கள்.

இந்த மனோபாவத்துக்கு நாம் விலை கொடுக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். வானத்தைப் பார்ப்பதற்கென்றே ஒரு முழுக் கோள், ஆஸ்ட்ரோசாட், நம்மிடமிருந்து போனது 2015 செப்டம்பர் 28-ல். ஆர்யபட்டாவுக்குப் பிறகு நாற்பது வருஷம்! இடையில் பயிருக்கும் புயலுக்கும் டெலிவிஷனுக்கும் கோள்கள் அனுப்பினோம், அவை அவசியமானவை, அவற்றைக் குறை சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் அந்த நாற்பது வருஷத்தில் 'ஏன் இன்னும் நமக்கு ஒரு கண் இல்லை?' என்று பொதுமக்களில் யாராவது கேட்டோமா? ராக்கெட்டு எழும்பிய நாளில் மத்தாப்புக் கொளுத்தினோம்; அடுத்த ராக்கெட்டு வரும்வரை தூங்கினோம். ஜனங்கள் எதற்குக் கை தட்டுகிறார்களோ அதற்குத்தான் சர்க்கார் பணம் ஒதுக்கும். இது கலைக்கும் பொருந்தும், விஞ்ஞானத்துக்கும் பொருந்தும்.

ஆஸ்ட்ரோசாட் போன விதத்தையும் பாருங்கள். ராக்கெட்டு நம்முடையது; ஏவிய இடம் ஸ்ரீஹரிகோட்டா. அதன் புற ஊதாத் தொலைநோக்கிக்குக் கனடா உணர்கருவி கொடுத்தது. எக்ஸ்ரேத் தொலைநோக்கியின் காமிரா லெஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. 1962-ல் ஏரியலில் கருவி வைத்த பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. வானம்பாடியை அனுப்பியவர்களும், குண்டால் கண் இழந்தவர்களும் நம் கண்ணுக்குத் துணை நின்றார்கள். அந்தத் தொலைநோக்கி 930 கோடி ஒளியாண்டு தூரத்து நட்சத்திர மண்டலம் ஒன்றிலிருந்து வந்த கடும் புற ஊதாக் கதிரைக் கண்டுபிடித்ததாக 2020-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். வெளியிட்ட அன்று எத்தனை ஊரில் வெடி வெடித்தோம்?

அதே ராக்கெட்டில் இந்தோனேசியர் கட்டிய கோள் ஒன்றும் போயிற்று. நண்பரை இப்போது கேட்க விரும்புகிறேன்: "அது நாம் தூக்கிவிட்டது, ஆகவே அவர்களுடையது அல்ல" என்று ஜகார்த்தாவில் போய்ச் சொல்வீரா? சொன்னால் அவர்கள் முகம் எப்படி மாறும் என்று எண்ணிப் பாரும். பீன்யாக்காரர்களின் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும்.

ஆகவே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'எத்தனையாவது நாடு?' என்ற கேள்வியை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில், 'அது மேலே போய் என்ன பார்த்தது?' என்று எழுதுங்கள். விடை சொல்லக் கொஞ்சம் சிரமமாக இருக்கும். படிக்க வேண்டி வரும். படிக்கட்டுமே!